பெயிண்ட் கடைசி: கடலூரில் வாங்கிய பழைய வீட்டில் முதல் அறுபது நாள்

வீடு தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருக்கிறது. 2003-ல் கட்டியது. தரைத்தளம் மட்டும், 850 சதுர அடி, 9 அங்குலச் செங்கல் சுவர், சுவருக்குள் புதைத்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய், பழைய ஃபியூஸ் கட்டை வைத்த மின்பெட்டி. ஆவணி முதல் வாரம் பால் காய்ச்சியாயிற்று. ஐப்பசி பிறக்க அறுபது நாள்தான் இருந்தது. கடலூரில் வீட்டு வேலைக்குக் கெடு வைப்பது வடகிழக்குப் பருவமழை. மழை இறங்கிவிட்டால் மாடியில் வேலை செய்ய முடியாது, சுவர் காயாது, ஆளும் கிடைக்காது.

குடிபுகுந்ததும் எல்லோரும் முதலில் பெயிண்டர்தான் தேடுகிறார்கள். இந்த ஊரில் அது வீண்செலவு. கடற்கரை ஊரில் வீட்டைத் தின்பவை தண்ணீரும் உப்பும். அவை எந்த வழியாக உள்ளே வருகின்றன என்று கண்டுபிடித்து அடைக்காத வரை சுவரில் தேய்க்கும் பட்டி, எமல்ஷன் எல்லாம் அடுத்த தைக்குள் பொரிந்து விழும். அதனால் இங்கே வேலை நடந்த வரிசை: தண்ணீர், மின்சாரம், மாடி, சுவர், கடைசியில் பெயிண்ட். பீரோவும் கட்டிலும் சுவரோரம் போவதற்கு முன்பே பாதி வேலை முடிந்தாக வேண்டும். பீரோ நின்ற பிறகு அதன் பின்னால் இருக்கும் ஓதத்தை, அதாவது சுவரில் ஊறிய ஈரத்தை, யாரும் பார்ப்பதில்லை.

முதல் நாள் வாசல் பூட்டின் சிலிண்டர் மாற்றியாயிற்று. பழைய சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று விற்றவருக்கே தெரியாது. மின் இணைப்பு, சொத்து வரி, தண்ணீர் வரி மூன்றிலும் பெயர் மாற்ற விண்ணப்பம், பத்திர நகலோடு ஒரே வாரத்தில் கொடுத்துவிடுவது நல்லது. கடலூர் 2021-ல் மாநகராட்சி ஆனது, அதற்கு முந்தைய ரசீதுகளில் நகராட்சி என்று இருக்கும். அந்தப் பழைய ரசீதுகளையும் விற்றவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கே கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று: "அக்கா, 2015-ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?" பக்கத்து வீட்டு அக்கா தன் வாசலின் இரண்டாவது படியைத் தொட்டுக் காட்டினார். 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வந்ததும், பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது தெருவில் நின்றதும் அதற்குக் கீழேதான். அந்தப் படியின் உயரத்தை ஒளிபுகும் நீர்மட்டக் குழாய் வைத்து நம் வீட்டுச் சுவருக்கு எடுத்து வந்து பென்சில் கோடு போட்டாயிற்று. சம்ப் வாய், பிளக் பாயிண்ட், இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாம் இந்தக் கோட்டுக்கு மேலே. அடுத்து வரும் எல்லா வேலைக்கும் இந்தக் கோடு உதவியது.

சம்பும் தொட்டியும்

சம்ப் 6 அடி நீளம், 5 அடி அகலம், 5 அடி ஆழம். 150 கன அடி, ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்று வைத்தால் சுமார் 4,250 லிட்டர். மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸைக் கழற்றி கையில் வைத்துக்கொண்ட பிறகே மூடியைத் திறக்க வேண்டும். மூடி ஒரு இரவு முழுக்கத் திறந்தே இருக்கட்டும். உள்ளே ஒருவர் இறங்கினால் மேலே ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். பூட்டிக் கிடந்த சம்பில் பிராணவாயு குறைந்திருக்கும். இறங்கியவர் மயங்கினால் காப்பாற்றப் போகிறவரும் உள்ளேயே விழுவார்.

அடியில் நாலு விரற்கடை சேறு. அதை வழித்து எடுத்து, தேங்காய் நார்த் தூரிகையால் சுவரைத் தேய்த்து, பிறகு ஒரு அடி உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் 850 லிட்டர். அதில் 170 கிராம் பிளீச்சிங் பவுடர். கணக்கு இதுதான்: கிருமி நீக்க லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். புதிய பவுடரில் 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கும், கடையில் திறந்து வைத்திருந்தது என்றால் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வது பத்திரம். மாடியில் உள்ள 1,000 லிட்டர் தொட்டிக்கு இதே கணக்கில் 200 கிராம். பவுடரை நேராகக் கொட்டாமல் ஒரு வாளியில் கரைத்து, கசடு தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும். எல்லாக் குழாயையும் திறந்து குளோரின் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடி, இரவு முழுக்க 12 மணி நேரம் அப்படியே விட வேண்டும். காலையில் இந்தத் தண்ணீரை மழைநீர் வடிகாலில் மெதுவாக விடலாம். செப்டிக் டேங்குக்குள் விட்டால் அங்கே கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் செத்துவிடும். செடிக்கும் ஆகாது. கறை போக ஆசிட் ஊற்றித் தேய்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சம்புக்குள் அது உயிரை எடுக்கும்.

சம்ப் வாய் முற்றத்தின் மட்டத்திலேயே இருந்தது. பென்சில் கோட்டைப் பார்த்து ஒன்றரை அடிக்குச் செங்கல் கட்டி உயர்த்தி, மேலே மூடி. மாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் நைலான் கொசுவலை கட்டியாயிற்று. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுவது இப்படிப்பட்ட நல்ல தண்ணீரில்தான்.

கசிவு எங்கே

ஹாலுக்கும் குளியலறைக்கும் நடுவே உள்ள சுவரில், நாலடி உயரத்தில், தட்டு அளவுக்கு ஒரு ஈரத்திட்டு. வடக்குச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடி வரை பூச்சு பொரிந்து கிடந்தது. இரண்டையும் பார்த்தவுடன் "ஓதம் சார், வாட்டர்ப்ரூஃப் போட்டுப் பூசிட்டா சரியாயிடும்" என்பதுதான் பொதுவாக வரும் பதில். ஆனால் திட்டு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். தரையிலிருந்து ஏறும் ஓதம் கீழே அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைந்தும் இருக்கும், பெரும்பாலும் மூன்றடியைத் தாண்டாது. கீழே காய்ந்து கிடந்து நாலடியில் மட்டும் ஈரம் என்றால் சந்தேகம் குழாய் மேல்.

உறுதி செய்யச் செலவில்லாத வழி உண்டு. இரவு பத்து மணிக்கு மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டத்தை மார்க்கரால் குறித்து, மோட்டாரை அணைத்து, எல்லாக் குழாயையும் மூடிவிட வேண்டும். இந்தத் தொட்டியின் உள்விட்டம் 1.1 மீட்டர், அதனால் ஒரு செ.மீ. இறங்கினால் சுமார் 9.5 லிட்டர் போயிற்று என்று அர்த்தம். காலை ஆறு மணிக்கு 4 செ.மீ. இறங்கியிருந்தது. யாரும் குழாயைத் தொடாமலே எட்டு மணி நேரத்தில் 38 லிட்டர். அடுத்த இரவு குளியலறைக்குப் போகும் கேட் வால்வை மட்டும் மூடிப் பார்த்ததில் மட்டம் அசையவில்லை. முன்னதாக ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் நீலம் கரைத்துப் பார்த்துவிட வேண்டும். கோப்பையில் நீல நிறம் இறங்கினால் கசிவு அங்கேதான், சுவரை உடைக்கத் தேவையில்லை.

சுவரை உளியால் திறந்தபோது வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து வரும் மிக்சர் குழாய்க்குப் போகும் ஜிஐ எல்போ (வளைவு இணைப்பு) துருவில் ஊறி, விரலால் அழுத்தினாலே செதில் செதிலாகப் பெயர்ந்தது. ஒரு எல்போ இப்படி இருந்தால் மற்றவையும் அதே வயதுதான். அதை மட்டும் மாற்றிவிட்டு மூடுவது அடுத்த வருடம் இன்னொரு இடத்தில் உடைப்பதற்கு வழி. குளியலறை லைன் முழுக்க முக்கால் அங்குல சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டாயிற்று. குழாயை நேராக வெட்டி, பிசிறு எடுத்து, குழாய், ஃபிட்டிங் இரண்டிலும் சால்வென்ட் பசை தடவி, செருகும்போதே கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பித்தளை மரை உள்ள ஃபிட்டிங்கில் டெஃப்லான் டேப் எட்டு முதல் பத்துச் சுற்று போதும். ஸ்பானரால் இறுக்கித் தள்ளினால் பிளாஸ்டிக் பக்கம் மயிரிழையில் விரிசல் விடும், அது ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். ஒரு நாள் காய்ந்த பிறகு கைப்பம்பு வைத்து 6 கிலோ அழுத்தம் ஏற்றி இரண்டு மணி நேரம். முள் இறங்கவில்லை. பூசுவதற்கு முன் சுவரோரம் டேப்பை நீட்டி வைத்து, அளவு தெரியும்படி புகைப்படம். நாளைக்கு டவல் ஸ்டாண்டுக்கு டிரில் போடுகிறவர் குழாயில் ஓட்டை போடாமல் இருக்க அந்தப் படம் வேண்டும்.

குளியலறைத் தரைக்கு வேறு சோதனை: தரைத் தண்ணீர் வடியும் நானி ட்ராப்பில் துணி அடைத்து, இரண்டு அங்குலத் தண்ணீர் நிறுத்தி 24 மணி நேரம். இங்கே அது தேறியது.

மின்சாரம்

மெயினில் ஆர்சிசிபி, அதாவது மின்கசிவு ஏற்பட்டால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச், இல்லை. உப்புக்காற்று, ஈரச் சுவர், வெறுங்காலில் நடமாடும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் ஒரு மழைக்காலத்தையும் கடக்கக் கூடாது. சுமை அதிகமானால் துண்டிக்கும் எம்சிபி வயரைக் காப்பாற்றும், மனிதரைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. இதை எல்லாம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஆனால் என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் எர்த். மல்டிமீட்டரில் ஃபேசுக்கும் எர்த்துக்கும் 228 வோல்ட் காட்டியது, பார்க்க அருமையாக இருந்தது. ஆனால் மல்டிமீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தில் அளப்பது. எர்த் குழாய் பாதி அறுந்திருந்தாலும் அதே எண்ணைக் காட்டும். எர்த் டெஸ்டரில் அளந்தபோது 70 ஓமுக்கு மேல். வீட்டுக்கு 5 ஓமுக்குக் கீழே இருப்பது நல்லது. 100 வாட் குண்டு பல்பை ஃபேசுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு: எர்த் மோசம் என்றால் பல்பு மங்கும். ஆனால் எர்த் முழுக்க அறுந்திருந்தால் அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்பிலெல்லாம் பல்பு வழியாக மின்சாரம் வந்து நிற்கும். எல்லா பிளக்கையும் பிடுங்காமல் இதைச் செய்யவே கூடாது. டெஸ்டர் வைத்திருப்பவரைக் கூப்பிடுவதே நல்லது.

பழைய குழியில் கரியும் உப்பும் போட்டு ஜிஐ குழாய் இறக்கியிருந்தார்கள். உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் அதே உப்பு குழாயையும் தின்னும், அதுவும் ஏற்கெனவே உப்புச்சாரம் ஏறிய கடற்கரை மண்ணில் சீக்கிரமாகவே. மேலே கிளாம்ப் கையோடு வந்துவிட்டது. புதிய குழி சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி, 3 மீட்டர் செம்புப் பூச்சுக் கம்பி, சுற்றிலும் பென்டோனைட் கலவை. இணைப்பைத் தரைக்கு மேலே வைத்து கிரீஸ் தடவி, திறந்து பார்க்க மூடி. அளந்ததில் 2.8 ஓம்.

பிறகு மின்பெட்டி. வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி வைத்தால் வாசல் விளக்கில் மழைநீர் இறங்கியதற்கு வீடே இருண்டுவிடும். அதனால் 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர், டபுள் போல் ஆர்சிசிபி இரண்டு: ஒன்று குளியலறை, சமையலறை, வெளிவிளக்கு, மோட்டாருக்கு, மற்றது அறைகளுக்கு. ஒவ்வொன்றுக்கும், மின்சாரம் திரும்பி வரும் நியூட்ரல் வயர்களைச் சேர்க்கத் தனித்தனி நியூட்ரல் லிங்க். பழைய வீட்டில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

முதல் ஆர்சிசிபி தூக்கியவுடன் விழுந்தது, அதாவது தானாக அணைந்தது. அதன் கீழ் உள்ள எம்சிபி எல்லாவற்றையும் அணைத்தும், வீட்டில் வேறு சுமை ஏறினால் விழுந்தது. இந்த இடத்தில்தான் பலர் 'ஆர்சிசிபி சரியில்லை' என்று கழற்றி எறிந்துவிட்டு நேராக இணைக்கிறார்கள். சிங்கிள் போல் எம்சிபி ஃபேசை மட்டும் துண்டிக்கும். நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் எம்சிபியை அணைத்தும் பழுது அப்படியே இருக்கும். மெயினை அணைத்து, லிங்கிலிருந்து நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, வயர் உறையின் காப்பை அளக்கும் 500 வோல்ட் மெகரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பார்க்க வேண்டும். சுற்றில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் அதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்இடி டிரைவர் போய்விடும். ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் சரி. மூன்றாவதாகக் கழற்றிய வயர் வெளிவிளக்கு. முள் சுழியத்தில் படுத்துவிட்டது. கேட் தூணில் இருந்த இரும்புப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு கரண்டி தண்ணீர், திருகாணி எல்லாம் பச்சைக் களிம்பு, நியூட்ரல் வயரின் உறை பெட்டி விளிம்பில் அறுபட்டு உட்கார்ந்திருந்தது. பெட்டியைப் பிளாஸ்டிக்காக மாற்றி, வயர் நுழையும் வாயைக் கீழ்ப்பக்கமாக வைத்து, மேலே சிலிக்கான் பூசியதும் முதல் ஆர்சிசிபி விழாமல் நின்றது.

இரண்டாவது ஆர்சிசிபியும் விழாமல் நின்றது, ஆனால் மாடிப்படி விளக்கைப் போட்டால் இரண்டும் சேர்ந்து விழுந்தன. காரணம், படி விளக்கின் ஃபேஸ் ஹால் சுற்றிலிருந்து வருகிறது, நியூட்ரலைப் பக்கத்தில் இருந்த வெளிவிளக்கிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார்கள். ஒரு ஆர்சிசிபி வழியாகப் போன மின்னோட்டம் இன்னொன்றின் வழியாகத் திரும்பினால் இரண்டுமே அதைக் கசிவு என்றுதான் எடுத்துக்கொள்ளும். மேலும் கீழும் இரண்டு இடத்திலிருந்து போடும் டூ-வே சுவிட்ச் உள்ள இடத்தில் இந்தக் கடன் நியூட்ரல் ரொம்பச் சாதாரணம். ஹாலிலிருந்து புதிய நியூட்ரல் இழுத்ததும் தீர்ந்தது. இன்வெர்ட்டர் வைக்கும்போதும் இதே தகராறு வரும். இன்வெர்ட்டர் சுற்றின் நியூட்ரல் மற்ற சுற்றோடு கலக்கக் கூடாது என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

2 கிலோவாட் கீஸர் 1.5 சதுர மி.மீ. வயரில் ஓடிக்கொண்டிருந்தது. 230 வோல்ட்டில் அது 8.7 ஆம்பியர் இழுக்கும். 2.5 வயரும் 16 ஆம்பியர் எம்சிபியும் வைத்தாயிற்று. ஏசிக்கு 4 சதுர மி.மீ. ஆர்சிசிபியில் டெஸ்ட் என்ற பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். வருடக்கணக்கில் அசையாமல் கிடந்தால் உள்ளே உப்புக்காற்றில் இறுகி, தேவைப்படும் நாளில் விழாமல் போகலாம்.

மொட்டை மாடி

850 சதுர அடிக்கு இரண்டு நாலு அங்குலக் குழாய். மணிக்கு 100 மி.மீ. மழைக்கு ஒரு நாலு அங்குலக் குழாய் தாங்குவது சுமார் 450 சதுர அடி, ஆக இரண்டும் திறந்திருந்தால்தான் கணக்கு சரி. ஒன்றில் வேப்பஞ்சருகும் ஒரு பந்தும் அடைத்திருந்தன. ஃபெஞ்சல் நாளில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அப்படி ஒரு நாளில் ஒரு குழாய் அடைபட்டால் மாடி குளமாகும். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒரு செ.மீ. தண்ணீர் பத்துக் கிலோ எடை.

குழாய் வாயை அடைத்து, மேடான இடத்தில் ஒரு அங்குலம் நிற்கும்படி 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்திச் சோதித்ததில், கசிவு மாடியில் பதித்த ஓடுகளின் நடுவில் இல்லை, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில். பழைய ஓட்டின் மேல் இன்னொரு அடுக்கு இரண்டு அங்குலக் கலவை போட்டுவிடலாம் என்ற யோசனை வந்தது. 79 சதுர மீட்டருக்கு அது எட்டு டன்னுக்கு மேல் எடை. இருபது வருடத் தளத்தின் மேல் அதை ஏற்றக் கூடாது. மூலையை வெட்டிச் சுத்தம் செய்து, மூன்று அங்குலத்துக்குச் சாய்வாகப் பாலிமர் கலவைப் பட்டி, அதன் மேல் கண்ணாடி இழை வலையோடு அக்ரிலிக் பூச்சு இரண்டு முறை, முதல் முறைக்குக் குறுக்காக இரண்டாவது. ஓட்டு இடுக்குகளில் கீறிச் சுத்தம் செய்து பாலிமர் கிரவுட்.

சமையலறை சன்ஷேடின் அடியில் காரை உதிர்ந்து கம்பி தெரிந்தது. துரு இரும்பை விடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த அழுத்தம்தான் காரையைத் தள்ளுகிறது. மேலே சிமென்ட் பூசி மறைத்தால் ஒரு வருடத்தில் பூச்சோடு விழும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, வெற்றுச் சத்தம் வரும் இடம் முழுக்க உடைத்து, கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. இடைவெளி எடுத்து, பளபளக்கும் வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஜிங்க் பிரைமர். பிறகு எஸ்பிஆர் என்ற ஒட்டும் ரப்பர் பால் கலந்த சிமென்ட் பால், அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே பாலிமர் கலவை. கம்பி மெலிந்து கால் பங்கு போயிருந்தால் இதோடு நிறுத்தாமல் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

தொட்டியைப் பற்றி ஒன்று. காலியான பிளாஸ்டிக் தொட்டி முப்பது கிலோ கூட வராது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூரை அடித்த ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. புயல் எச்சரிக்கை வந்த அன்றே தொட்டியை நிரப்பிவிடுங்கள். காற்றுக்கும் நிற்கும், மின்சாரம் இல்லாத நாட்களுக்குத் தண்ணீரும் ஆகும்.

வடக்குச் சுவர்

இரண்டரை அடி வரை பூச்சு பொரிந்த அந்தச் சுவர்தான் இந்த வீட்டில் அதிக நேரம் எடுத்தது. கை வைத்தால் மாவு போல வெள்ளை உதிர்ந்தது, ஓரங்களில் பஞ்சு மாதிரி உப்புப் படிகம் நின்றது. மதியம் காய்ந்து தெரிந்த இடம் இரவில் நனைந்து கருத்தது. இதை வைத்தே ஒன்று தெரிந்துகொள்ளலாம். சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கரையும், கடலூர் இரவுகளில் அது தினசரி நடக்கிறது. ஆகவே தரையிலிருந்து ஏறும் தண்ணீரை முழுக்க நிறுத்தினாலும் பூச்சுக்குள் உப்பு இருக்கும் வரை சுவர் நனைந்துகொண்டேதான் இருக்கும். உடைத்த பூச்சில் பொடிப் பொடியாகக் கிளிஞ்சல் துண்டுகள். கட்டியபோதே கடற்கரை மணல் கலந்திருக்கிறார்கள்.

இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் ஒட்டி சுவரில் 48 மணி நேரம் வைத்தால், தாளின் உள்பக்கம் ஈரம் கோர்த்தால் தண்ணீர் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோர்த்தால் அறைக் காற்றின் ஈரம். இங்கே உள்பக்கம்.

எங்கிருந்து ஏறுகிறது? வெளியே போய்ப் பார்த்தால் விடை கண்ணெதிரே இருந்தது. தெருவில் ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் மட்டம் உயர்ந்திருக்கிறது. மழைநீர் உள்ளே வராமலிருக்க விற்றவர் முற்றத்தில் மண் கொட்டி, மேலே சிமென்ட் தளம் போட்டிருக்கிறார். அந்தத் தளம், அஸ்திவாரத்துக்கு மேல் ஓதத்தைத் தடுக்கப் போடும் டிபிசி பட்டிக்கும் ஐந்து அங்குலம் மேலே ஏறிவிட்டது. மண்ணில் உள்ள ஈரம் அந்தப் பட்டியைத் தாண்டி நேராகச் செங்கலுக்குள் போகிறது. உள்ளே எத்தனை வாட்டர்ப்ரூஃப் பூசினாலும் இது நிற்காது. ஈரம் இரண்டரை அடியிலிருந்து நாலடிக்கு ஏறும், அவ்வளவுதான்.

செய்தது: சுவரை ஒட்டி ஒரு அடி அகலத்துக்குத் தளத்தை வெட்டி, டிபிசிக்கு ஆறு அங்குலம் கீழே வரை மண் எடுத்து, 20 மி.மீ. ஜல்லி நிரப்பியது. அதன் அடியில் ஓட்டையிட்ட குழாய் ஒன்று, பின்பக்க வடிகாலுக்குச் சாய்வாக. சுவர் இப்போது மூச்சு விடும்.

உள்ளே, ஈரம் தெரிந்த உயரத்துக்கு மேலே இன்னும் ஒரு அடி சேர்த்து, மூன்றரை அடிவரை பூச்சு முழுவதையும் எடுத்தாயிற்று. செங்கல் இடுக்குகளை அரை அங்குலம் தோண்டி, உப்பைக் காய்ந்த தூரிகையால் தட்டிச் சேகரித்து வெளியே கொட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவவே கூடாது. கழுவினால் உப்பு கரைந்து செங்கலுக்குள் திரும்பப் போய், காயும்போது மறுபடி வெளியே வரும். மூன்று வாரம் ஃபேன் போட்டு, ஜன்னல் திறந்து, வாரம் இரண்டு முறை தூரிகை. முதல் வாரம் ஒரு முறத்தில் பாதி உப்பு வந்தது, மூன்றாவது வாரம் ஒரு கைப்பிடி.

அடுத்து சிமென்ட் பூச்சா, சுண்ணாம்பா? உப்பு ஏறிய பழைய செங்கலுக்குச் சுண்ணாம்புதான் சரி என்பது இந்தப் பதிவின் தீர்மானம். அடர்த்தியான சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டும், உப்பு அதன் பின்னால் படிகமாகித் தள்ளும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். உப்பு பூத்தாலும் பூச்சுதான் கெடும், செங்கல் தப்பும். புதுச்சேரியின் பழைய வீடுகள் கடலை ஒட்டி நின்றும் நிலைத்திருப்பதில் சுண்ணாம்புக்குப் பெரிய பங்கு உண்டு. நீர்த்து ஊறிய கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த, உப்பில்லாத மணல் மூன்று பங்கு. கலக்கும் தண்ணீர் முக்கியம். போர்த் தண்ணீர் கரித்தது, அதனால் குழாய்த் தண்ணீர்தான். கான்கிரீட் வேலைக்கே இந்தியத் தரநிலை வரம்பு வைத்திருக்கிறது: கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. முதல் கோட் 10 மி.மீ., ஒரு வாரம் ஈரச் சாக்கு போட்டு வைத்து, பிறகு இரண்டாவது கோட். அவசரப்பட்டு ஒரே கோட்டாக அப்பினால் வெடிக்கும்.

சில்லறை வேலைகள்

நிலைக்கால் அடியில் கரையான் மண்கோடு இருந்தது. தரையும் சுவரும் சேரும் இடத்தில் ஒரு அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. துளை, இமிடாக்ளோப்ரிட் 30.5 சதவீத மருந்து லிட்டருக்கு 2.1 மில்லி, துளை நிரம்பும் வரை ஊற்றி வெள்ளைச் சிமென்ட்டால் அடைப்பு. கிணறோ சம்போ அருகில் இருக்கும் பக்கம் மருந்து வேண்டாம்.

செப்டிக் டேங்கை லாரி வைத்து உறிஞ்சி எடுக்கச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஆளை உள்ளே இறக்குவது 2013 சட்டப்படி குற்றம், அதற்கு மேல் அது கொலைக்குச் சமம். அதன் காற்றுப்போக்கிக் குழாயின் உச்சியில் நைலான் வலை கட்டினால் தெருவுக்கே கொசு குறையும். யானைக்கால் நோயைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு பெருகும் இடம் அது.

ஜன்னல் கம்பியில் பிரைமர் அடிக்கும் முன் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். துருவுக்கு அடியில் தங்கிய உப்போடு பெயிண்ட் அடித்தால் கொப்புளம் கிளம்பும். கைப்பிடிகளுக்கு எவர்சில்வர் வாங்கினால் 304-ஐ விட 316 உப்புக்காற்றைத் தாங்கும்.

பின்கதவு இறுகியது. தச்சர் இழைப்புளியோடு வந்தபோது ஐப்பசி மழை தொடங்கிவிட்டது, அதனால் சீவ வேண்டாம் என்று திருப்பி அனுப்பியாயிற்று. ஈரத்தில் ஊதிய கதவை இப்போது சீவினால் மாசியில் சுருங்கி விரல் நுழையும் இடைவெளி விடும். விளிம்பில் மெழுகுவர்த்தி தேய்த்தது இப்போதைக்குப் போதும்.

பெயிண்ட்

மற்ற சுவர்களுக்கு ஐப்பசிக்கு முன் வெளிப்புற எமல்ஷன் இரண்டு கோட் முடிந்தது. குளியலறைப் பக்கச் சுவரில் உடைத்த இடத்தின் சிமென்ட் பூச்சுக்கு 28 நாள் விட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்த பிறகு. வடக்குச் சுவரில் பட்டியும் இல்லை, எமல்ஷனும் இல்லை. வெறும் சுண்ணாம்பு வெள்ளை மூன்று கோட். ஹாலுக்குள் அது மட்டும் வேறு நிறமாகத் தெரிகிறது, பீரோவையும் அந்தப் பக்கம் வைக்கவில்லை. மாசியில் அதே இடத்தில் பாலிதீன் தாளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து உரித்துப் பார்த்து, உள்பக்கம் காய்ந்திருந்தால் அன்று நிறம் பேசலாம்.